மலையேற்றக் காலணியின் சிறு உறுப்புகள்: இரும்பாணியிலிருந்து ரப்பர் பற்கள் வரை

மலைப்பாதைக்கென்று தைக்கப்பட்ட பூட்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு, அதன் அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் பற்களும், ஓரத்தைச் சுற்றி ஓடும் தடித்த தையலும், கணுக்காலை நெருங்கும்போது துளைகளுக்குப் பதிலாக வரும் கொக்கிகளும், நாக்கின் இருபுறமும் மடித்துச் சேர்க்கப்பட்ட மெல்லிய தோலும், பின்விளிம்பில் சற்றே தாழ வெட்டப்பட்ட பள்ளமும் முரட்டு அழகுக்காகச் சேர்க்கப்பட்டவை போலத் தோன்றலாம். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை வழுக்கல், ஈரம், குளிர் என்ற மூன்று தொல்லைகளில் ஏதேனும் ஒன்றுக்கு மாற்றாகப் பிறந்தவை. அதிலும் முக்கியமாக, ஒரு தொல்லையைத் தீர்க்க வந்த உறுப்பு தன்னோடு இன்னொரு தொல்லையைக் கொண்டுவந்ததால், அதைச் சரிசெய்ய மற்றோர் உறுப்பு தேவைப்பட்டது என்ற வகையில் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தவை. ஆகவே இவற்றைத் தனித்தனியே விளக்குவதைவிட, வந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதே அவற்றின் பயனைப் புரிந்துகொள்ளச் சரியான வழியாகும்.

இந்த வரிசையின் மிகப் பழைய சான்று 1991-இல் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையிலுள்ள ஓட்ஸ்தால் ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில், உருகும் பனிக்கட்டியிலிருந்து வெளிப்பட்ட, ‘ஓட்ஸி’ என்று பெயரிடப்பட்ட மனிதனின் உடலோடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மனிதனின் காலணிக்குக் கரடித்தோலால் அடிப்பாகமும் மான்தோலால் மேற்பாகமும் அமைந்திருந்தன. உள்ளே லிண்டன் மரப்பட்டையின் நாரால் பின்னிய வலை ஒன்று இருந்து, கதகதப்புக்காகத் திணித்த உலர்ந்த புல்லைக் காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அடியில் குறுக்காக ஒரு தோல்வார் கட்டப்பட்டிருந்தது. தட்டையான தோல் ஈரமான சரிவில் வழுக்கும் என்பதையும், அதன் பரப்பைக் குறுக்கே ஒரு மேட்டால் உடைத்தால் மண்ணைப் பற்றும் என்பதையும் அறிந்த ஒருவர்தான் அந்த வாரைக் கட்டியிருக்க முடியும். வெளிக்கூடு வேறு, குளிர்காக்கும் உள்ளடக்கம் வேறு என்ற பிரிவும், அடிப்பரப்பில் மேடு வேண்டும் என்ற எண்ணமும் இந்தக் காலணியிலேயே இருப்பதால், பிற்காலத்தவர் செய்ததெல்லாம் இவ்விரண்டுக்கும் மேலும் உறுதியான பொருள்களைத் தேடியதுதான் என்று சொல்வது மிகையாகாது.

மேட்டுக்கு உறுதியான பொருளாக முதலில் கிடைத்தது இரும்பு. ரோமானியப் படைவீரர்களின் செருப்புகளின் அடியில் இரும்பாணிகள் அடிக்கப்பட்டிருந்தன. அதே வழக்கம் ஐரோப்பாவின் உழவர்கள், மரவெட்டிகள், இடையர்கள் ஆகியோரின் காலணிகளில் தொடர்ந்து வந்தது. லண்டனில் ஆல்பைன் கிளப் 1857-இல் தொடங்கப்பட்டு, சிகரம் ஏறுவது படித்த நடுத்தர வர்க்கத்தாரின் பொழுதுபோக்காக மாறியபோது, அவர்கள் தங்களுக்கென்று புதிய காலணி எதையும் உருவாக்காமல், வழிகாட்டிகளாக வந்த மலைக்கிராமத்தாரின் ஆணி பூட்ஸையே ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த எண்பது ஆண்டுகளில் நடந்த நுணுக்கமெல்லாம் ஆணியின் வடிவத்திலும், அவற்றை அடிக்கும் வரிசையிலும்தான். அடியின் விளிம்பைக் கவ்வியபடி வெளியே எட்டிப் பார்க்கும் மெல்லிரும்பு ஆணிகள், பாறையின் சிறு விளிம்புகளில் ஓரமாகக் கால்வைத்து நிற்க உதவின. நடுப்பகுதியில் இடைவெளிவிட்டு அடிக்கப்பட்ட குமிழ் ஆணிகள் புல்லையும் மண்ணையும் பற்றின. ஜெனீவாவைச் சேர்ந்த மலையேறி ஃபெலிக்ஸ் ஜெனெகாண் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமது செல்லப்பெயரான ‘டிரிகூனி’ என்பதையே சூட்டி உருவாக்கிய ஆணி, கடினமான எஃகுப் பற்களைக் கொண்டிருந்தது. மெல்லிரும்பு ஆணி பாறையின் சொரசொரப்புக்கு ஏற்பத் தானும் சிறிது நசுங்கிப் பற்றியது என்றால், இந்த ஆணியோ தேயாத கூர்மையால் பாறையைக் கடித்தது. எந்த ஆணி நல்லது என்ற வாதம் அக்கால மலையேறிகளிடையே தீவிரமாக நடந்ததற்கு இந்த வேறுபாடே காரணம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துப் பாறைகளில் பழைய ஏறுவழிகளை இன்றும் அடையாளம் காட்டும் வெண்மையான கீறல்கள் அந்த ஆணிகள் விட்டுச்சென்றவையே.

ஆணியின் குறைகள் மூன்று. அது கனமானது, வழவழப்பான கடின பாறையில் சறுக்கக்கூடியது, எல்லாவற்றிலும் கொடியது, இரும்பு வெப்பத்தை எளிதில் கடத்துவதால், தோலைத் துளைத்து உள்ளே போன ஒவ்வோர் ஆணியும் பாதத்தின் சூட்டை வெளியே இழுத்துச்செல்லும் வழியாக அமைந்தது. 1924-இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லரியின் உடல் 1999-இல் எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கண்டெடுக்கப்பட்டபோது, அவருடைய காலில் இருந்தது ஆணி அடித்த தோல் பூட்ஸ்தான். அக்காலத்து உயர்மலைப் பயணங்களில் பனிக்கடியால் விரல்களை இழந்தோர் பலர். குளிரைக் குறைப்பதற்காக ஆணிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், தோலுக்கும் ஆணிக்கும் நடுவே கம்பளி அடுக்கு வைப்பதுமாகச் செய்துபார்த்த முயற்சிகள், குறையின் வேரைத் தொடாமல் அதன் அளவை மட்டுமே குறைத்தன.

அந்தக் காலத்து ஆணி பூட்ஸின் மேற்பாகத்துக்குத் தமிழ்நாட்டோடு உள்ள ஓர் உண்மையான தொடர்பை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தின் தோல் பதனிடும் இடங்களில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தப்பட்ட மாட்டுத்தோல், ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேற்பாகத்துக்கு அது பெரிதும் தேவைப்பட்டதால், அதன் கொள்முதலை அரசே தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. போருக்குப்பின் மிஞ்சிய படைப் பூட்ஸுகளை மலிவாக வாங்கி ஆணி அடித்து மலைக்குப் போனவர்கள் அணிந்த தோலில், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தொட்டிகளில் ஊறியதும் இருந்திருக்கக்கூடும்.

மேற்பாகத்தையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் இடமே எந்தக் காலணியிலும் முதலில் பழுதாகும் இடம். ஈரம் நுழைவதும் அவ்விடத்தில்தான். மேல்தோலையும் அடித்தோலையும் நேராகச் சேர்த்துக் குத்தித் தைத்தால், ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீர் உள்ளே வரும் வாசலாகிவிடும். இதற்குத் தீர்வாக வந்ததே ‘வெல்ட்’ எனப்படும் குறுகிய தோல்பட்டை. பாத வடிவிலான கட்டையின் மேல் இழுத்துப் பொருத்திய மேல்தோலை முதலில் உள்ளடித்தோலோடும் இந்தப் பட்டையோடும் சேர்த்துத் தைப்பார்கள்; பிறகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை மட்டும் அடிப்பாகத்தோடு தைப்பார்கள். இரண்டாவது தையல் காலணியின் உட்புறத்தைத் தொடுவதே இல்லை என்பதால், மண்ணில் உரசும் தையலின் வழியே ஏறும் ஈரம் காலை எட்டுவதில்லை. தேய்ந்துபோன அடியைப் பிரித்தெடுத்துப் புதியதைத் தைக்கும்போதும் மேற்பாகத்துக்குச் சேதம் வருவதில்லை. கையால் செய்யப்பட்ட இவ்வேலையை 1870-களில் இயந்திரத்துக்கு மாற்றியவர் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர். இவர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு 1844-இல் காப்புரிமை பெற்ற, அதே பெயர் கொண்ட கண்டுபிடிப்பாளரின் மகன். தந்தையின் ரப்பரும் மகனின் தையலும் பின்னாளில் ஒரே காலணியில் சந்தித்தன.

மலைக்காரர்கள் இதைவிடக் கடுமையான ஒரு முறையை விரும்பினார்கள். நார்வீஜியத் தையல் என்று வழங்கும் அம்முறையில், மேல்தோலின் கீழ்விளிம்பு உள்நோக்கி மடிக்கப்படாமல் வெளிநோக்கி விரிக்கப்பட்டு, அடிப்பாகத்தின் மேல் படுக்கவைத்துத் தைக்கப்படுகிறது. காலணியை அருகில் வைத்துப் பார்த்தால், மெழுகு தேய்த்த தடித்த நூல் ஒரு வரிசையில் படுக்கையாக மேல்தோலைத் துளைத்து உள்ளடித்தோலுக்குப் போவதையும், அதற்கு ஒரு விரல் அகலம்கூட இல்லாத தூரத்தில் இன்னொரு வரிசை செங்குத்தாக அடிப்பாகத்துக்குள் இறங்குவதையும் காணலாம். மேலிருந்து வழியும் தண்ணீர், தோல் வெளியே விரிந்திருப்பதால், இடுக்கில் தேங்காமல் ஓரத்தில் சொட்டிவிடுகிறது. அந்த இரட்டைத் தையல் வரிசை பலருக்கும் அலங்காரமாகப் படுவதே, கைவேலையின் நேர்த்திக்கு ஒரு சான்று.

ஆணிக்கு மாற்று வந்த கதை ஒரு பெருந்துயரத்தோடு தொடங்குகிறது. மிலான் நகரைச் சேர்ந்த தேர்ந்த மலையேறியான வித்தாலே பிரமானி, 1935 செப்டம்பரில் இத்தாலிய-சுவிஸ் எல்லையிலுள்ள பூந்தா ராசிக்கா சிகரத்துக்கு ஒரு குழுவினருடன் சென்றார். அக்கால வழக்கப்படி, பாறை தொடங்கும் இடம்வரை கனமான ஆணி பூட்ஸில் நடந்து, அங்கே அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, துணி மேற்பாகமும் அழுத்திய கம்பளி அடியும் கொண்ட இலகுவான காலணிகளை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். உலர்ந்த பாறையில் அந்தக் காலணிகள் அருமையாகப் பற்றும். ஆனால் மூடுபனியும் பனிப்புயலும் திடீரெனச் சூழ்ந்தபோது, ஈரத்தில் ஊறி உறைந்த அந்த அடிகளால் பனி மூடிய பாறையில் இறங்கவும் முடியவில்லை, குளிரைத் தாங்கவும் முடியவில்லை. ஆறு பேர் உறைந்து இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு வானிலை எவ்வளவு காரணமோ, இரண்டு காலணிகளுக்கு இடையே இருந்த பொருத்தமின்மையும் அவ்வளவு காரணம் என்பதை உயிர்தப்பிய பிரமானி உணர்ந்தார். நடப்பதற்கு ஒன்று, ஏறுவதற்கு ஒன்று என்ற பிரிவினையே தவறு. ஈரப் பாறை, உலர் பாறை, மண், பனி ஆகிய எல்லாவற்றிலும் ஓரளவு பற்றக்கூடிய ஒற்றை அடி வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வேலையாயிற்று.

டயர் செய்யும் பிரெல்லி நிறுவனத்தின் உதவியோடு அவர் உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்ற ரப்பர் அடிக்கு, பீரங்கி வண்டி என்ற பொருள்படும் ‘காரர்மாத்தோ’ என்ற பெயர் அமைந்தது. தம்முடைய பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து நிறுவனத்துக்கு ‘விப்ரம்’ என்று பெயரிட்டார். இந்த அடியைக் கவிழ்த்துப் பார்ப்பவர் அதில் காண்பது, ரப்பரில் வார்க்கப்பட்ட ஆணி வரிசை என்பதே இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி. ஓரத்தைச் சுற்றியுள்ள சதுரப் பற்கள் விளிம்பாணிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. நடுவில் உள்ள சிலுவை வடிவ மேடுகள் குமிழ் ஆணிகளின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. பல தலைமுறைகளாக மலைக்கிராமத்துக் காலணி தைப்பவர்களும் வழிகாட்டிகளும் ஆணி அடித்து அடித்துக் கண்டறிந்த அமைப்பை மாற்றாமல், பொருளை மட்டும் மாற்றியதே பிரமானியின் நிதானம். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது, எடை குறைவு, வழவழப்பான பாறையிலும் உராய்வால் நிற்கும்.

அந்தப் பற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் ஓர் உறுப்பே. பற்கள் நெருங்கியிருந்தால் களிமண் அவற்றின் இடையே அடைத்துக்கொண்டு, அடி மீண்டும் தட்டையாகிவிடும். இடைவெளி அகன்று, பற்களின் பக்கங்கள் சற்றே சரிந்திருந்தால், ஒவ்வோர் அடியிலும் ரப்பர் வளையும்போது மண் தானே உதிரும். குதிகால் பகுதி முன்பகுதியிலிருந்து ஒரு செங்குத்தான படியால் பிரிக்கப்பட்டிருப்பது இறக்கத்துக்காக: சரிவில் குதிகாலை ஊன்றி இறங்குபவர் சறுக்கத் தொடங்கும்போது, அந்தப் படியின் முன்முகமே மண்ணில் கடித்து நிறுத்துகிறது. ஓட்டப் பயிற்சிக் காலணிகளின் சாயலில் படியே இல்லாமல் வரும் இக்காலத்து அடிகள் சமதளத்தில் சுகமாக இருந்தாலும், ஈரமான புல்சரிவில் இறங்கும்போது இந்த ஒரு குறையே பெரிதாகத் தெரியும். பெருவிரலுக்குக் கீழே சில காலணிகளில் பற்கள் இல்லாமல் வழவழப்பாக விடப்பட்டிருக்கும் பகுதி, பாறையின் சிறு விளிம்பில் முன்காலை வைத்து நிற்பதற்கானது. அங்கே பல் இருந்தால் அது வளைந்து காலை நழுவவிடும்.

இரண்டாம் உலகப்போர் இந்த அடியை ஐரோப்பாவுக்கு வெளியே பரப்பியது. அமெரிக்க மலைப்படையினரின் பூட்ஸுக்கு இதையொத்த பற்கள் வந்தன, பிரிட்டனில் அது ‘கமாண்டோ சோல்’ என்று அறியப்பட்டது. ஆயினும் பிரிட்டிஷ் மலையேறிகளுள் பலர் போருக்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆணியைக் கைவிடவில்லை. பாசி படிந்த ஈரப் பாறையிலும் உறைந்த புல்லிலும் ரப்பர் வழுக்கியதும், அதனால் விபத்துகள் நேர்ந்ததும் அவர்களுடைய தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள். 1954 ஜூலை 31 அன்று, 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரத்தை முதன்முதலாக எட்டிய இத்தாலியக் குழுவின் லீனோ லாசெதெல்லி, அக்கில்லே கொம்பாஞோனி ஆகியோரின் காலில் விப்ரம் அடி இருந்தது. அதற்குப்பின் வாதம் ஓய்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எவரெஸ்டுக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்கு உயர்முகாம்களுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட பூட்ஸில், நுண்துளைகள் நிறைந்த இலகுவான ரப்பரால் அடியும், குளிர்காக்க உள்ளடுக்கில் இலவம்பஞ்சும் இருந்தன. தமிழ்நாட்டில் தலையணைக்குள் திணிக்கப்படும் பஞ்சு வகையே உலகின் மிகவுயர்ந்த இடத்தில் மனிதப் பாதத்தைக் காத்தது என்பதும், அது செய்த வேலை ஓட்ஸியின் உலர்புல் செய்ததே என்பதும் இந்த வரலாற்றின் நீட்சியைக் காட்டுகின்றன.

ரப்பர் அடி பனிக்கட்டிக்குப் போதாது என்பதால், இரும்பு முட்கள் கொண்ட ‘கிராம்பான்’ சட்டத்தை பூட்ஸின் கீழே கட்டிக்கொள்ளும் வழக்கம் தொடர்ந்தது. ஆஸ்கர் எக்கென்ஸ்டைன் 1908-இல் வடிவமைத்த பத்து முள் சட்டத்தை, இத்தாலியின் கூர்மாயோரில் கொல்லராக இருந்த ஹென்றி கிரிவெல் செய்துகொடுத்தார். அவருடைய மகன் லோரென் 1929-இல் முன்னோக்கி நீளும் இரு முட்களைச் சேர்த்தார். செங்குத்தான பனிச்சுவரில் இம்முன்முட்களை மட்டும் குத்தி நிற்பவரின் முழு எடையும் விரல்நுனியில் வருவதால், வளையும் அடி உதவாது. ஆகவே உள்ளடித்தோலின் கீழே, குதிகாலிலிருந்து முன்பாதம்வரை, முதலில் எஃகாலும் பின்னாளில் நைலானாலுமான ஒரு தகடு நிலைபெற்றது. அடி விறைத்ததும் நடை கெட்டது: வளையாத பலகையில் நின்றுகொண்டு குதிகாலை உயர்த்த முடியாது. இதற்கு மாற்றாக விரல்பகுதி மேல்நோக்கிச் சற்றே வளைக்கப்பட்டது. பாதம் வளைய வேண்டிய இடத்தில் காலணியே உருண்டு முன்னே செல்கிறது. விரல்முனையிலும் குதிகாலின் பின்னும் துருத்தி நிற்கும் சிறு விளிம்புகள், சட்டத்தின் கம்பியும் நெம்புகோலும் பற்றிக்கொள்ள விடப்பட்டவை. பனிக்குப் போகாதவருக்கு அவை வெறும் முனைப்பாகவே தெரியும்.

மேற்பாகத்தின் உறுப்புகள் இவ்வளவு வியப்பூட்டும் வரலாறு கொண்டவை அல்ல என்றாலும், நடப்பவர் ஒவ்வொரு மணி நேரமும் உணர்வது அவற்றைத்தான். தரமான தோல் பூட்ஸ் கூடியவரை ஒரே தோலில் வெட்டப்படுவது, தையல் குறைந்தால் கசிவும் குறையும் என்பதற்காக. தோலின் வழவழப்பான மேற்புறத்தை உள்ளே திருப்பி, சொரசொரப்பான சதைப்புறத்தை வெளியே வைப்பதும் உண்டு; தண்ணீரைத் தடுக்கும் அடர்ந்த அடுக்கு மேற்புறமே என்பதால், பாறை உரசுவது அதன்மேல் படாமல் காப்பதே அதன் நோக்கம். நாக்கின் இருபுறத்தையும் உடலோடு இணைக்கும் மடிப்புத் தோல், ஓடையில் இறங்கும்போது தண்ணீர் லேஸ் துளைகளின் உயரம்வரை வந்தாலும் உள்ளே புகாமல் தடுக்கிறது. காய்ந்த பாதையில் பொடிக்கற்களையும் வெளியே நிறுத்துகிறது. கணுக்கால் விளிம்பைச் சுற்றியுள்ள மெத்தை சரளைக்கல் சரிவில் இதே பணியைச் செய்கிறது. பின்விளிம்பின் பள்ளம், உயரமான பூட்ஸின் தோல் குதிநாணை அழுத்தாமல், இறக்கத்தில் கால் பின்னோக்கிச் சாய இடங்கொடுப்பது.

லேஸ் கட்டும் முறையில் உள்ள வேறுபாடும் காரணமின்றி வந்ததன்று. கீழே, விரல்களருகே, உராய்வு குறைந்த வளையங்களில் லேஸ் எளிதாக ஓடி அழுத்தத்தைச் சமமாகப் பரப்புகிறது. மேலே, கொக்கிகளில் விரைவாகச் சுற்றவும் அவிழ்க்கவும் முடிகிறது, குளிரில் விறைத்த விரல்களுக்கு இதுவே பெரிய உதவி. இரண்டுக்கும் நடுவே, புறங்கால் கணுக்காலாகத் திரும்பும் வளைவில், பின்னோக்கித் தள்ளிப் பதித்த ஒரு கொக்கி இருக்கும். அது லேஸை இறுக்கிப் பற்றிக்கொள்வதால் கீழ்ப்பகுதி ஒரு தளர்விலும் மேற்பகுதி இன்னொரு தளர்விலும் இருக்கலாம். ஏறும்போது கணுக்காலைத் தளர்த்தி, இறங்கும்போது பாதம் முன்னே வழுக்கி விரல் நசுங்காதபடி அந்த வளைவை இறுக்கிக் கட்டும் வழக்கம் மலைவழிகாட்டிகளிடம் உண்டு. இதற்கு இடங்கொடுப்பது அந்த ஒற்றைக் கொக்கியே.

1970-களின் இறுதியிலிருந்து மலைக்காலணி இலகுவாகத் தொடங்கியது. பாப் கோர் 1969-இல் கண்டறிந்த விரித்த டெஃப்லான் சவ்வு, தண்ணீரைத் தடுத்து நீராவியை வெளியேவிடும் தன்மையால், காலுறை வடிவில் காலணியின் உள்ளே தைக்கப்பட்டது. தோலுக்குப் பதில் நைலான் துணி வந்தது. தையலுக்குப் பதில் பசை வந்தது. பசை ஒட்டிய இணைப்பு ஓரத்தில் பிரிந்துவிடும் என்பதால், அதை மூடி ரப்பர் பட்டை ஒன்று சுற்றிலும் ஒட்டப்பட்டது. அது கல்லில் மோதும் விரல்பகுதிக்கும் காப்பானது. ஆனால் அதிர்வைத் தாங்க அடிக்கும் மேற்பாகத்துக்கும் நடுவே வைக்கப்பட்ட பாலியூரித்தேன் நுரைக்கு, காற்றின் ஈரத்தால் காலப்போக்கில் மூலக்கூறு சிதையும் குறை உண்டு. அணியாமல் அலமாரியில் வைத்த பூட்ஸ்கூடச் சில ஆண்டுகளில் உள்ளுக்குள் நொறுங்கி, முதல் பயணத்திலேயே அடி கழன்று விழுவது இதனால்தான். வெப்பமும் ஈரமும் மிகுந்த கடலோரப் பகுதிகளில் இது இன்னும் விரைவாக நேரும்.

இவ்விடத்தில்தான் பழைய வெல்ட் தையலின் மதிப்பு மீண்டும் தெரியவருகிறது. அத்தகைய பூட்ஸில் நுரை அடுக்கே இல்லாமலும் இருக்கலாம். இருந்து சிதைந்தாலும், செருப்புத் தைப்பவர் வெளித்தையலை அறுத்து, தேய்ந்த அடியையும் நுரையையும் அகற்றி, புதியதைப் பழைய துளைகளின் வழியாகவோ அருகிலோ தைத்துவிடுவார். இத்தாலியின் வெனெத்தோ பகுதியிலும் ஜெர்மனியின் பவேரியாவிலும் உள்ள சில காலணி நிறுவனங்கள், தாங்கள் விற்ற பூட்ஸைத் திரும்பப் பெற்று அடி மாற்றிக் கொடுக்கும் பணியை இன்றும் நடத்துகின்றன. பசையால் ஒட்டிய வகைகளுக்கும் அது இப்போது விரிவாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அவற்றில் ஓரத்து ரப்பர் பட்டையை முழுவதும் உரித்தெடுத்த பிறகே அடியைத் தொட முடியும் என்பதால் வேலை நீள்கிறது, செலவும் கூடுகிறது.